வராதவருக்கும் தீர்ப்பு உண்டு: எக்ஸ்பார்ட்டி டிகிரி எப்படி விழுகிறது, எப்படி நீக்குவது

என் சித்தப்பா ஒரு நாள் காலையில் போன் செய்தார். "ஏம்ப்பா, வாசல்ல கோர்ட் அமீனா வந்து நிக்கிறாரு, ஜப்தின்னு சொல்றாரு, எனக்கு ஒண்ணும் புரியலை" என்றார். நல்லவேளையாக அமீனா (கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் ஊழியர்) பொறுமையானவர், கையில் இருந்த தாளைக் காட்டினார். அதில் ஒரு வழக்கு எண், ஒரு தொகை, 14 மாதத்துக்கு முந்தைய ஒரு தேதி. அந்தத் தேதியில் சித்தப்பா மேல் டிகிரி, அதாவது நீதிமன்றத் தீர்ப்பாணை, ஆகியிருக்கிறது. பழைய புரோநோட்டுக் கடன் ஒன்று, பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்த கடன். வழக்கு போட்டதே அவருக்குத் தெரியாது. சம்மன் எதுவும் கைக்கு வரவில்லை என்று சத்தியம் செய்தார், அது உண்மைதான் என்று பின்னால் தெரிந்தது.

அந்த ஒரு வருடத்தில் நான் கற்றுக்கொண்டதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் கேஸ் கட்டு ஒன்றோடு பல மாதம் அலைந்தவன், அதற்காகவே சட்டத்தைத் தேடித் தேடிப் படித்தவன்.

முதலில் பெயர். தீர்ப்பு மொழியில் இதை ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை என்பார்கள், கோர்ட் வளாகத்தில் எல்லோரும் எக்ஸ்பார்ட்டி டிகிரி என்றுதான் சொல்வார்கள். வாதி வந்தார், பிரதிவாதி வரவில்லை, வாதி சொன்னதை மட்டும் கேட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். நம் ஊரில் இதைப் பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, "நான் கையெழுத்துப் போட்டு வாங்கவில்லை, அதனால் என்னைக் கட்டுப்படுத்தாது" என்பது. இன்னொன்று, "எக்ஸ்பார்ட்டிதானே, எப்போது வேண்டுமானாலும் போய் உடைத்துக்கொள்ளலாம்" என்பது. இரண்டுமே ஆளைக் கவிழ்க்கும். எதிர்த்து வாதாடித் தோற்ற தீர்ப்புக்கு என்ன பலமோ அதே பலம் இதற்கும் உண்டு. நீக்கப்படாதவரை அது முழுத் தீர்ப்பு. காலவரையறைச் சட்டப்படி அதை நிறைவேற்றக் கேட்க வாதிக்கு 12 ஆண்டுகள் இருக்கின்றன. 12 ஆண்டு என்றால், அன்று பள்ளியில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடிக்கிற காலம்.

சரி, இது எப்படி விழுகிறது? இந்தியாவில் இதற்கான விதிகள் எல்லாம் 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், முக்கியமாக அதன் 9-வது கட்டளையில் (ஆர்டர் என்பார்கள்) இருக்கின்றன. வாதி பிராது போடுகிறார், நீதிமன்றம் சம்மன் அனுப்புகிறது. குறித்த நாளில் பிரதிவாதி நேரிலோ வக்கீல் மூலமாகவோ வர வேண்டும். 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிருரை (பிராதுக்கு எழுத்தில் தரும் பதில்) போட வேண்டும், காரணம் காட்டினால் மொத்தம் 90 நாள் வரை நீட்டலாம். (அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது சேலம் வழக்கறிஞர் சங்கம்தான். திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் சாதாரண வழக்குகளில் அந்த 90 நாள் இரும்புக் கம்பி இல்லை, தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வணிக நீதிமன்ற வழக்குகளில் அந்தத் தளர்வு கிடையாது. அங்கே 120 நாள் முடிந்தால் எதிருரை போடும் உரிமையே போய்விடும்.)

குறித்த நாளில் யாரும் வரவில்லை என்றால் நீதிபதி முதலில் ஒன்றைப் பார்க்க வேண்டும்: சம்மன் முறைப்படி சார்வு ஆகியிருக்கிறதா, அதாவது உரியவரிடம் சேர்க்கப்பட்டிருக்கிறதா? ஆகவில்லை என்றால் மறுபடி சம்மன். ஆகியிருக்கிறது, ஆனால் வருவதற்குப் போதிய அவகாசம் இல்லை என்றால் வாய்தா. ஆகியும் வரவில்லை என்றால்தான் 'செட் எக்ஸ்பார்ட்டி'. பெயரைக் கூப்பிடுவார்கள், மூன்று முறை, வராந்தாவில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், டயரியில் ஒரு வரி எழுதப்படும். அன்றே டிகிரி ஆகிவிடாது. அடுத்து வாதி தன் சாட்சியத்தைப் பிரமாண வாக்குமூலமாகப் போடுவார், புரோநோட்டையோ ஒப்பந்தத்தையோ சான்றாவணமாகக் குறியீடு செய்வார்கள், அப்புறம்தான் தீர்ப்பு. நடைமுறையில் இது சில நிமிட வேலை.

இந்த இடைவெளி முக்கியமானது, பலருக்கும் தெரியாதது. எக்ஸ்பார்ட்டி என்று உத்தரவு ஆகி, தீர்ப்பு இன்னும் வராத நிலையில் பிரதிவாதி ஓடி வந்தால், தக்க காரணம் காட்டி 9-வது கட்டளை 7-வது விதியின் கீழ் அந்த உத்தரவை நீக்கக் கேட்கலாம். காரணம் ஏற்கப்படாவிட்டாலும்கூட அவரை வெளியே தள்ள முடியாது. வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அங்கிருந்து அவர் கலந்துகொள்ளலாம், மீதமுள்ள சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், வாதாடலாம். இதைத் தெளிவாகச் சொன்னது 1955-இல் கோட்டா தேர்தல் தீர்ப்பாயம் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி விவியன் போஸ். ஒருவர் முதுகுக்குப் பின்னால் அவர் வாழ்க்கையையும் சொத்தையும் பாதிக்கிற முடிவு எடுக்கப்படக் கூடாது, நடைமுறை விதிகள் நீதிக்கு வழி செய்வதற்காக இருப்பவை, ஆளை மாட்டிவைக்கிற பொறியாக அவற்றை வாசிக்கக் கூடாது என்பது அவர் எழுதியதன் சாரம். ஆனால் விசாரணை முழுக்க முடிந்து தீர்ப்புக்காக ஒத்திவைக்கப்பட்டுவிட்டால் 7-வது விதிக்கு இடமில்லை, டிகிரி வரும்வரை இருந்து 13-வது விதியின் கீழ்தான் வர வேண்டும் என்று 1964-இல் இன்னொரு தீர்ப்பு சொல்லிவிட்டது.

எதிரில் ஆள் இல்லை என்பதால் வாதி கேட்டதையெல்லாம் கொடுத்துவிடலாமா? கூடாது. 1999-இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது: எதிருரை இல்லை என்பதற்காக நீதிபதி கண்ணை மூடிக்கொண்டு டிகிரி தரக் கூடாது, பிராதில் சொல்லப்பட்டதே நிரூபணம் தேவைப்படுகிற விஷயமாக இருந்தால் நிரூபணம் கேட்க வேண்டும். 'வழக்கு நிரூபிக்கப்பட்டது, டிகிரி செய்யப்படுகிறது' என்று ஒற்றை வரியில் எழுதப்பட்ட தீர்ப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றமும் கண்டித்திருக்கிறது. காரணம் சொல்லாத எழுத்து தீர்ப்பே ஆகாது என்கிற அளவுக்குப் போயிருக்கிறது.

இது ஏன் எனக்குப் பெரிதாகப் படுகிறது என்றால், நம் ஊரில் வட்டிக்குக் கொடுப்பவர்கள் பலர் கடனுக்கு ஈடாகக் கிரய ஒப்பந்தம் எழுதி வாங்குகிறார்கள். கடன் வாங்கியவர் அதை வெறும் கடன் பத்திரம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். வட்டி கட்ட முடியாமல் போனதும் அந்த ஒப்பந்தத்தை வைத்து, கிரயம் செய்து கொடுக்கச் சொல்லி வழக்கு வரும். பிரதிவாதி வராவிட்டால் தாளில் இருப்பது மட்டும்தான் நீதிபதிக்குத் தெரியும், தாள் கிரயம் என்று சொல்கிறது. டிகிரிக்குப் பிறகும் அவர் கையெழுத்துப் போட வரவில்லை என்றால், அவருக்காக நீதிமன்றமே பத்திரத்தை எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவுக்கு அனுப்பும். சில லட்சம் கடனுக்கு அதைப்போலப் பல மடங்கு மதிப்புள்ள வீடோ நிலமோ கை மாறிவிடும். அந்த வழக்குகளில் வாதி தான் பணத்தோடு தயாராக இருந்ததைக் காட்ட வேண்டும் என்று சட்டம் கேட்கிறது, எதிரில் ஆள் இல்லாவிட்டாலும் கேட்கிறது. நீதிபதி அதை உண்மையாகவே கேட்கிறாரா என்பதில்தான் ஒரு குடும்பத்தின் கூரை நிற்கிறது.

இப்போது சம்மனுக்கு வருகிறேன், ஏனென்றால் என் பார்வையில் நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது. சட்டத்தில் சம்மன் சார்வு பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் மிகவும் கவனமாக யோசித்திருக்கிறார்கள் என்றே தோன்றும். கூடுமானவரை நேரில் அந்த ஆளிடமே கொடுக்க வேண்டும். அவர் வீட்டில் இல்லை, விரைவில் வருவதாகவும் தெரியவில்லை என்றால் கூட வசிக்கும் வயதுவந்த குடும்பத்தாரிடம் கொடுக்கலாம், வேலைக்காரர் குடும்பத்தாராக மாட்டார். (1976 வரை வயதுவந்த ஆணிடம்தான் கொடுக்கலாம் என்று இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தம்தான் வீட்டுப் பெண்களையும் சேர்த்தது.) வாங்க மறுத்தாலோ, தேடியும் ஆளைக் காணாவிட்டாலோ வீட்டு வெளிக்கதவில் ஒட்டலாம், ஆனால் வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்று பெயரோடு எழுதி அறிக்கை கொடுக்க வேண்டும். இதெல்லாம் முடியாது, ஆள் வேண்டுமென்றே ஒளிகிறார் என்று நீதிமன்றத்துக்கு நம்பிக்கை வந்தால் பத்திரிகையில் விளம்பரம்.

நடப்பது வேறு. பூட்டிய கதவில் ஒட்டிவிட்டு வந்ததாக அறிக்கை இருக்கும், அடையாளம் காட்டியவர் பெயர் இருக்காது. பதிவுத் தபால் 'ஆள் இல்லை', 'வீடு மாறிவிட்டார்' என்று திரும்பியிருக்கும், மறு வாய்தாவிலேயே பத்திரிகை விளம்பரத்துக்கு மனு போட்டுவிடுவார்கள். விளம்பரம் நாம் வாங்காத பத்திரிகையில், நாம் திருப்பாத பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும். சித்தப்பா வழக்கிலும் அதுதான் நடந்திருந்தது. அவர் 6 வருடம் முன்பு காலி செய்துவிட்ட வாடகை வீட்டு முகவரிக்குச் சம்மன், அது திரும்பியதும் பத்திரிகை விளம்பரம், அப்புறம் எக்ஸ்பார்ட்டி, டிகிரி. ஆனால் நிறைவேற்று மனுவில், பணம் வசூலிக்க வந்தபோது மட்டும், இப்போது குடியிருக்கும் சொந்த வீட்டின் கதவு எண் வரை சரியாக இருந்தது. எங்கள் வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டி அந்த இரண்டு முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய நிமிடத்தை நான் மறக்க மாட்டேன்.

அதனால் உங்களுக்கு இப்படி ஒன்று வந்தால் முதல் வேலை, அழுவதோ எதிராளிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பதோ வேண்டாம், வக்கீல் மூலம் கேஸ் கட்டைப் பார்வையிட்டு சம்மன் எப்படித் திரும்பியது, அதில் யார் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். நகல் மனு போட்டு அதன் சான்றிட்ட நகலை வாங்குங்கள். மற்ற எல்லாமே அந்தத் தாளிலிருந்துதான் தொடங்கும்.

டிகிரியை நீக்கக் கேட்கும் வழி 9-வது கட்டளை 13-வது விதி. மனுவைத் தீர்ப்புச் சொன்ன அதே நீதிமன்றத்தில் போட வேண்டும். இரண்டே காரணங்கள்தான் செல்லும்: சம்மன் முறைப்படி சார்வு ஆகவில்லை, அல்லது சார்வு ஆகியும் அன்றைக்கு வர முடியாதபடி போதிய காரணம் இருந்தது. இரண்டில் ஒன்றைக் காட்டிவிட்டால் நீக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் 1976 திருத்தம் ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. சார்வில் ஏதோ சிறு குறை இருக்கிறது என்பதற்காக மட்டும் நீக்க முடியாது, விசாரணைத் தேதி பிரதிவாதிக்கு எப்படியோ தெரிந்திருந்தது, வருவதற்கு நேரமும் இருந்தது என்றால் அந்தக் குறையைத் தூக்கிப் பிடிக்க முடியாது. இது நியாயமான தடுப்பு. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வழக்கு தெரிந்து, தேதியும் தெரிந்து, சம்மனைக் கையில் வாங்காமல் இருந்துவிட்டால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கவே செய்கிறார்கள்.

'போதிய காரணம்' என்றால் என்ன என்று சட்டம் பட்டியல் போடவில்லை. மருத்துவமனையில் இருந்தது, வீட்டில் இறப்பு, வக்கீல் தேதியைத் தப்பாகக் குறித்துக்கொண்டது, பஸ் மறியல், எல்லாம் அந்தந்த வழக்கின் நிஜத்தைப் பொறுத்தது. 2000-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒன்று மிக உதவியானது: பிரதிவாதி ஆஜராகாத அந்தத் தேதிக்கு என்ன காரணம் என்றுதான் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் அவர் எத்தனை வாய்தா வாங்கினார் என்ற பழைய கணக்கை இழுத்து அவரைத் தண்டிக்கக் கூடாது. அதே நேரம் "உடம்பு சரியில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு மருத்துவச் சீட்டுகூட இணைக்காத மனு நிற்காது. மனு போடுபவர்கள் இந்த இடத்தில்தான் சோம்பல் படுகிறார்கள். எந்த மருத்துவமனை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யார் கூட இருந்தார்கள், எப்போது எப்படி வழக்கு தெரிய வந்தது, இத்தனையும் வாக்குமூலத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து நாள் கணக்கு. காலவரையறைச் சட்டத்தின் 123-வது இனம் (ஆர்ட்டிகிள்) 30 நாள் தருகிறது. எந்த நாளிலிருந்து என்பதுதான் முக்கியம். சம்மன் முறைப்படி சார்வாகியிருந்தால் டிகிரித் தேதியிலிருந்து 30 நாள். சார்வாகவில்லை என்றால் டிகிரி பற்றித் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். அதே இனத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது, எங்களைக் காப்பாற்றியது அதுதான்: பத்திரிகை விளம்பரம் போன்ற மாற்றுமுறைச் சார்வு, இந்த 30 நாள் கணக்குக்கு முறையான சார்வாகக் கருதப்படாது. அதாவது வழக்கை நடத்தி முடிக்க அந்த விளம்பரம் போதும், ஆனால் வாசகர் கண்ணில் படாத விளம்பரத்தை வைத்து ஒருவரின் 30 நாளைத் தொடங்க முடியாது. 1963-இல் இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு மனதார நன்றி சொல்கிறேன்.

அமீனா வந்த நாள்தான் சித்தப்பாவுக்குத் தெரியவந்த நாள். 14 மாதம் கழித்து வந்தும் எங்கள் மனு தாமதம் ஆகாததற்குக் காரணம் அதுவே. ஆனால் அந்த நாளிலிருந்து 30 நாள் சரசரவென்று ஓடும். "பொங்கல் முடியட்டும், பார்க்கலாம்" என்றிருந்தால் கையில் இருந்த ஒரே பாதுகாப்பும் போயிருக்கும்.

30 நாள் தாண்டிவிட்டால்? அப்போதும் கதவு முழுக்க மூடிவிடாது. அதே சட்டத்தின் 5-வது பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு தனி மனு சேர்த்துப் போட வேண்டும். எத்தனை நாள் தாமதம் வரை மன்னிப்பார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்குச் சட்டத்தில் எண்ணே கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து போய் 1998-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல பாடம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அது சொத்துரிமை வழக்கு. 1991 அக்டோபரில் பிரதிவாதி மீது எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆனது. அவர் தெரிந்துகொண்டு நீக்க மனு போட்டார். அதுவரை சரி. அந்த மனு விசாரணைக்கு வந்த நாளில் அவர் தரப்பில் யாரும் இல்லாததால் 1993 பிப்ரவரியில் அந்த மனுவே தள்ளுபடியானது. அவருக்கு அது தெரியவில்லை. வக்கீலிடம் ஒப்படைத்தாயிற்று, நடக்கிறது என்றே இருந்தார். 1995 ஜூலையில் நிறைவேற்றுதல் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்தபோதுதான் விழித்தார். வக்கீலைத் தேடிப் போனால், அவர் தொழிலையே விட்டுவிட்டு ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்தது. 1995 ஆகஸ்டில் மறுபடி மனு. தாமதம் 883 நாள். இந்த மனிதர் சும்மா குறை சொல்லிக்கொண்டு நிற்கவில்லை, அந்த வக்கீல் மேல் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போய் 50,000 ரூபாய் இழப்பீட்டு உத்தரவும் வாங்கியிருந்தார்.

விசாரணை நீதிமன்றம் தாமதத்தை மன்னித்தது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. உச்ச நீதிமன்றம் மறுபடி விசாரணை நீதிமன்றத்தின் பக்கம் நின்றது, எதிர்த் தரப்புக்கு 10,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நீதிபதி கே.டி. தாமஸ் எழுதிய தீர்ப்பு அது. எத்தனை நாள் என்பது பொருட்டே இல்லை, சொல்லும் விளக்கம் நம்பக்கூடியதா என்பதுதான் அளவுகோல் என்றார். மிகக் குறுகிய தாமதத்தைக்கூட விளக்கம் இல்லாவிட்டால் மன்னிக்க முடியாமல் போகலாம், மிக நீண்ட தாமதத்தையும் விளக்கம் சரியாக இருந்தால் மன்னிக்கலாம். காலவரையறை விதிகள் மக்களின் உரிமையை அழிப்பதற்காக இல்லை, இழுத்தடிப்பைத் தடுப்பதற்காக இருக்கின்றன என்பது அவர் பார்வை. அதே தீர்ப்பில், தாமதத்தால் எதிராளிக்கு ஏற்பட்ட செலவையும் மறக்கக் கூடாது என்று சொன்னார், அந்த 10,000 அதற்குத்தான்.

இந்தத் தீர்ப்பைக் காட்டினால் எல்லாத் தாமதமும் மன்னிக்கப்படும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். வக்கீலின் தவறுக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று 1981-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு கிராமத்துக்காரர் வழக்கில் சொல்லியிருக்கிறது, உண்மை. ஆனால் அண்மை ஆண்டுகளில் நீதிமன்றங்களின் தொனி கடுமையாகியிருக்கிறது. 'வக்கீல் சொல்லவில்லை' என்ற ஒற்றை வாக்கியத்தை வைத்து ஆண்டுக்கணக்கான தாமதத்தை மூட முயன்றால், நீங்கள் ஏன் ஒரு முறைகூட விசாரிக்கவில்லை என்று திருப்பிக் கேட்கிறார்கள். படித்தவர்களிடமும் நிறுவனங்களிடமும் இன்னும் அழுத்தமாகக் கேட்கிறார்கள். அது சரிதான் என்றே நினைக்கிறேன். ஆனால் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் தன் வேலை முடிந்தது என்று உண்மையாகவே நம்பும் கூலித் தொழிலாளியையும், வேண்டுமென்றே வழக்கை இழுக்கும் பெரிய ஆளையும் ஒரே தராசில் வைத்துவிடக் கூடாது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96-வது பிரிவின் கீழ் எக்ஸ்பார்ட்டி டிகிரியை எதிர்த்து நேராக மேல்முறையீடும் செய்யலாம், ஆனால் அங்கே கட்டில் இருப்பது வாதியின் சாட்சியம் மட்டும்தான், அதை வைத்தே தீர்ப்பு தப்பு என்று காட்ட வேண்டும். மேல்முறையீடு தோற்று முடிந்துவிட்டால் அதன் பிறகு 13-வது விதி மனு நிற்காது, அதனால் எதை முதலில் கையில் எடுப்பது என்பதை யோசித்துச் செய்யுங்கள். நீக்க மனு தள்ளுபடியானால் அதற்கு எதிராக மேல்முறையீடு உண்டு. மோசடியால் வாங்கிய டிகிரி என்றால் தனி வழக்கும் போடலாம், அது நீண்ட பாதை.

இன்னொரு ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நீக்க மனு போட்டுவிட்டால் நிறைவேற்றுதல் தானாக நின்றுவிடாது. தடை உத்தரவு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டுச் சாமான் ஜப்தி என்றால் அமீனா எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது, உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் கருவி, பெண்ணின் தாலி போன்றவற்றை 60-வது பிரிவு காக்கிறது. ஆனால் வீடோ நிலமோ ஏலத்துக்குப் போய்விட்டால் நிலைமை வேறு. 1967-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், எக்ஸ்பார்ட்டி டிகிரியை வைத்துச் சொத்து ஏலம் போய், ஏலம் உறுதி செய்யப்படுவதற்கு முன்பே டிகிரி நீக்கப்பட்டுவிட்டது. இருந்தும், ஏலத்தில் எடுத்தவர் வழக்குக்குச் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் என்பதால் அந்த விற்பனை செல்லும் என்றது நீதிமன்றம். டிகிரி போய்விட்டது, சொத்தும் போய்விட்டது. நீதிமன்ற ஏலத்தை நம்பி மக்கள் வர வேண்டும் என்பது அதன் பின்னால் உள்ள காரணம், எனக்கு அது புரிகிறது, ஆனாலும் அந்தச் சொத்துக்காரரை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. தடை உத்தரவு கேட்பதில் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

இவ்வளவையும் படித்தபோது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்த ஒன்று உண்டு. வராதவர் மீது டிகிரி ஆகிவிட்டது என்று அவருக்குச் சொல்லும் கடமை இங்கே யாருக்கும் இல்லை. டிகிரி ஆகி 2 ஆண்டுக்குள் நிறைவேற்று மனு போட்டால் பொதுவாக முன்னறிவிப்புகூடத் தேவையில்லை, நேராக அமீனா வரலாம், சித்தப்பாவுக்கு வந்ததுபோல. இலங்கையில் இப்படி இல்லை. அங்கே உரிமையியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 86-வது பிரிவுப்படி, வராதவர் மீதான தீர்ப்பாணை அவருக்கே சேர்ப்பிக்கப்பட வேண்டும், அப்படிச் சேர்ப்பித்த நாளிலிருந்துதான் அதை நீக்கக் கேட்கும் 14 நாள் ஓடும். 14 நாள் குறைவுதான். அங்கே அந்தத் தீர்ப்புக்கு எதிராக நேரடி மேல்முறையீடும் கிடையாது. ஆனால் தீர்ப்பைக் கையில் கொடுத்துவிட்டு நாளை எண்ணத் தொடங்குவது எவ்வளவு நேர்மையான ஏற்பாடு! நம் நாட்டிலும் எக்ஸ்பார்ட்டி டிகிரியின் நகலை, வாதிக்குத் தெரிந்த எல்லா முகவரிக்கும், செல்பேசி எண்ணுக்கும் அனுப்பியே ஆக வேண்டும் என்று ஒரு விதி வந்தால், அதிலேயே பாதிச் சண்டை தீரும். 'எனக்குத் தெரியாது' என்று பொய் சொல்பவரின் வாயும் அடைபடும்.

அதுவரை நம் கையில் இருப்பது இ-கோர்ட்ஸ் இணையதளம். மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்துப் பெயரைப் போட்டுத் தேடினால் உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம், காசு இல்லை. கடன் தகராறோ சொத்துத் தகராறோ இருப்பவர்கள் மாதம் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பெயரின் ஆங்கில எழுத்து ஒன்று மாறினாலும் வராது, அதனால் இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள்.

வாதியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உண்மையாகவே பணம் வர வேண்டியவர்கள் எத்தனையோ பேர், பிரதிவாதி ஒளிந்து விளையாடுவதால் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் தப்பான முகவரி கொடுத்து விரைவாக டிகிரி வாங்குவது அவர்களுக்கே பகையாக முடியும். அப்படி வாங்கிய டிகிரி எந்த நாளும் நீக்கப்படலாம், நீக்கப்பட்டால் வழக்கு முதல் படிக்கு வந்துவிடும், வசூலித்ததைத் திருப்பிக் கொடுக்கும்படியும் 144-வது பிரிவின் கீழ் உத்தரவு வரலாம். தெரிந்த முகவரி அத்தனையும் கொடுத்து, சம்மனைச் சரியாகச் சேர்த்து வாங்கிய டிகிரியை உடைப்பதுதான் கடினம்.

எங்கள் மனு 5 மாதம் நடந்தது. எதிர்த் தரப்பு, சித்தப்பாவுக்கு வழக்கு முன்பே தெரியும் என்று வாதாடியது, எப்படித் தெரியும் என்று அவர்களால் காட்ட முடியவில்லை. அந்த இரண்டு முகவரிகளையும் பார்த்த நீதிபதி வாதியின் வக்கீலிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், புது முகவரி எப்போது தெரிந்தது என்று. பதில் சுற்றி வளைத்து வந்தது. டிகிரி நீக்கப்பட்டது. சித்தப்பா ஒரு சிறு தொகையைச் செலவாகக் கட்ட வேண்டும், 30 நாளுக்குள் எதிருரை போட வேண்டும் என்று உத்தரவு.

அன்று மாலை அவர் ஜெயித்துவிட்டதாக நினைத்து இனிப்பு வாங்கி வந்தார். வழக்கு அதே பழைய எண்ணில் மறுபடி உயிரோடு வந்திருக்கிறது, அவ்வளவுதான், கடன் பாக்கி எவ்வளவு என்று இனிமேல்தான் நிரூபிக்க வேண்டும் என்று சொன்னேன். இனிப்பை மேசைமேல் வைத்துவிட்டு, பீரோவைத் திறந்து பழைய ரசீதுகளைத் தேட உட்கார்ந்தார். மூன்று கிடைத்தன, இரண்டு கிடைக்கவில்லை. கிடைத்த மூன்றையும் இணைத்து 22-வது நாள் எதிருரை போட்டோம். அடுத்த வாய்தாவுக்கு அவர் காலை 9 மணிக்கே கோர்ட் வாசலில் போய் நின்றார்.